சந்தடி இல்லாத சைக்கிள் பாதையை மேப்பில் தேடுவது எப்படி?

போக வேண்டிய இடத்தை ஆப்பில் தட்டினால் வழி வந்துவிடும். ஆனால் பெரும்பாலும் அது சீக்கிரம் போய்ச் சேரும் வழி. லாரி உரசிக்கொண்டு போகாத பாதை வேண்டுமென்றால் அரை மணி நேரமாவது நாமே மேப்போடு உட்கார வேண்டும். முதல் தடவை கம்ப்யூட்டரில் செய்யுங்கள். போன் திரையில் பாதையை விரலால் இழுத்து வளைப்பது பெரும்பாடு.

1. மேப்பைத் திறங்கள்

நான் தொடங்குவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில். 2004-ல் ஆரம்பித்த இந்த வரைபடத்தை உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். கார் போகாத சந்து, ஒற்றையடிப் பாதைகூடப் பல இடங்களில் பதிவாகியிருக்கும். அதன் தளத்தில் அடுக்குகளை, அதாவது வரைபடத்தின் வெவ்வேறு தோற்றங்களை, மாற்றும் பட்டன் உண்டு. அதில் சைக்ளோஎஸ்எம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சைக்கிள் தடங்கள் எடுப்பாகத் தெரியும்.

2. கடக்கும் இடங்களை முதலில் குறியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் வீட்டிலிருந்து தெருத் தெருவாகக் கோடு இழுப்பார்கள். கடைசியில் ஆற்றங்கரையிலோ தண்டவாளத்திலோ போய் முட்டி நிற்கும். அப்புறம் மெயின் ரோட்டுப் பாலம்தான் கதி. அதனால் தலைகீழாகத் தொடங்குங்கள். வழியில் ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை என்ன குறுக்கிடுகின்றன? ஒவ்வொன்றையும் கடக்கச் சின்னப் பாலம், சுரங்கப்பாதை, சிக்னல் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் தேறும். அவற்றைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மிச்சம், அந்தப் புள்ளிகளைச் சின்னத் தெருக்களால் இணைப்பது.

எந்தத் தெரு அமைதியானது? 'கார்க்காரருக்கு இந்தத் தெருவால் என்ன லாபம்?' என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பெரிய சாலைகளை நேராக இணைக்கும் தெரு எவ்வளவு குறுகலாக இருந்தாலும் குறுக்குவழியாகிவிடும். வளைந்து வளைந்து போகும் தெருவிலும், கார் நுழைய முடியாமல் சைக்கிள் மட்டும் நுழையும் முனையிலும் அந்தத் தொல்லை குறைவு. 10 கி.மீ. வழி 12 ஆனாலும் நான் இதைத்தான் எடுப்பேன்.

3. கோடு வரையுங்கள்

இதற்கு பிரௌட்டர் என்ற இலவசத் தளம் போதும். தொடக்கம், முடிவு, நடுவே குறித்து வைத்த கடக்கும் புள்ளிகள் எல்லாவற்றையும் கிளிக் செய்தால் பாதையை அதுவே போடும். பிடிக்காத சாலையில் நுழைந்தால் கோட்டைப் பிடித்து இழுத்து மாற்றலாம். இங்கே போகவே கூடாது என்று ஒரு வட்டமும் போடலாம். ஏற்ற இறக்கப் படத்தையும் பார்த்துவிடுங்கள். அமைதியான பாதை செங்குத்தான மேட்டில் ஏறுவதும் உண்டு.

4. சரிபாருங்கள்

கூகுள் மேப்ஸின் போக்குவரத்து நிறங்களைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். பச்சை என்றால் வண்டி குறைவு என்று அர்த்தமில்லை; வண்டிகள் தடையில்லாமல் ஓடுகின்றன என்றுதான் அர்த்தம். நெடுஞ்சாலையும் பச்சையாகத்தான் இருக்கும். வேகமாகப் போகும் வண்டிதானே நமக்குப் பயம்? சந்தேகம் இருந்தால் ஸ்ட்ரீட் வியூவில், அதாவது கூகுள் மேப்ஸில் உள்ள தெருப் படங்களில், சாலையைப் பாருங்கள்: ஓரத்தில் இடம் இருக்கிறதா, தரை எப்படி? மேப்பில் பழுப்புக் கோடாகத் தெரிந்த ஒரு வண்டிப்பாதையை நம்பி நான் ஒருமுறை மழைக்கு மறுநாள் போனேன். சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தேன். ஸ்ட்ரீட் வியூ படம் எடுத்த தேதியையும் கவனியுங்கள், பல வருடம் பழசாக இருக்கலாம்.

5. போனுக்கு மாற்றுங்கள்

பிரௌட்டரில் போட்ட பாதையை ஜிபிஎக்ஸ் கோப்பாக (பாதையைப் பதிந்துவைக்கும் கோப்பு வகை) இறக்கி, ஆஸ்மேண்ட் ஆப்பில் திறந்துகொள்ளுங்கள். வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கிவைத்தால் நெட் இல்லாமலே வேலை செய்யும். வெறும் முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். ஆப் புது வழி போட்டு உங்கள் உழைப்பை வீணாக்கிவிடும்.

6. ஓட்டிப் பாருங்கள்

வேலைக்குப் போகும் வழி என்றால் வேலை நாளில், கிளம்பும் நேரத்திலேயே ஒருமுறை போய் வாருங்கள். விடுமுறைக் காலையில் எல்லாச் சாலையும் சாதுவாகத்தான் இருக்கும். திரும்பும் பாதையைத் தனியாக வரையுங்கள்: ஒருவழித் தெருக்கள் எதிர்த்திசையில் உதவாது, போகும்போது எளிதாக இருந்த திருப்பம், வரும்போது நாலு தட வண்டிகளுக்குக் குறுக்கே போகச் சொல்லும்.