பழைய கிரவுன் விக்டோரியா வாங்கும் முன் அடியில் பாருங்கள்

ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, மெர்க்குரி கிராண்ட் மார்க்கீ, லிங்கன் டவுன் கார் மூன்றும் பெரிய அமெரிக்க கார்கள்; மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றுதான். தனி ஃப்ரேம், அதன் மேல் பாடி, முன்னால் 4.6 லிட்டர் வி8 இன்ஜின், பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்ட். கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலை 2011 செப்டம்பரில் மூடப்பட்டதோடு இந்த வரிசை முடிந்தது. இனி கிடைப்பதெல்லாம் பழைய வண்டிதான். நல்லதாக ஒன்று அமைந்துவிட்டால், குடும்பத்தோடு நெடுந்தூரம் போக இதைவிட நிம்மதியான வண்டியை நான் ஓட்டியதில்லை.

நான் இருப்பது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில். குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். இந்த இன்ஜின் சுலபத்தில் சாகாது. வண்டியைக் கொல்வது துருதான். அதனால் பானெட்டைக் கடைசியில்தான் திறப்பேன்.

ஒரு டார்ச், பழைய பாய், சின்ன சுத்தியல் போதும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே ஃப்ரேம் வளைந்து ஏறும் இடத்தில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கணீரென்று கேட்டால் சரி. ‘தொப்’ என்று கேட்டு, செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள், விலையைக்கூடக் கேட்க வேண்டாம். மேலே புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் அழுத்தித் தட்டுங்கள். ஃப்ரேமை ஒட்டிப் பின்னால் போகும் பிரேக் குழாய்களையும் பாருங்கள். அவை பொருமியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். 2005 முதல் 2011 வரையிலான வண்டிகளில் ஸ்டீரிங்கின் கீழ் ஷாஃப்ட் துருப்பிடித்து இறுகும் என்பதால், உப்பு போடும் மாநிலங்களுக்கு 2013இல் ஒரு ரீகால் (குறையைச் சரிசெய்ய கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைப்பது) வந்தது. அந்த வேலை முடிந்துவிட்டதா என்று வின் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்குமான தனி அடையாள எண்) வைத்து அமெரிக்க அரசின் ரீகால் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அதே நம்பரின் ஐந்து, ஆறு, ஏழாவது எழுத்துகள் பி71 என்றிருந்தால் அது போலீஸ் வண்டி. கடைசி வருடங்களில் பி7பி. இவற்றில் பெரிய ரேடியேட்டர், கெட்டியான சஸ்பென்ஷன் உண்டு என்று பலர் தேடிப்போய் வாங்குகிறார்கள். ஆனால் போலீஸ் வண்டி நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அதெல்லாம் ஓடோமீட்டரில் ஏறாது. ஒரு மணி நேரம் அப்படி நின்றால் ஏறக்குறைய 33 மைல் ஓடிய தேய்மானம் என்று கணக்கு வைப்பார்கள். மீட்டரில் இன்ஜின் மணிக்கணக்கு காட்டும் வண்டியானால் அதைக் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், வயதான தம்பதி கராஜில் வைத்திருந்த கிராண்ட் மார்க்கீயைத்தான் தேடச் சொல்வேன்.

வருடம் என்று பார்த்தால் 2003 முதல் வந்தது நல்லது. அந்த வருடம் ஃப்ரேமும் ஸ்டீரிங்கும் மாறின. ரேக் அண்ட் பினியன் என்ற துல்லியமான ஸ்டீரிங் அமைப்பு வந்ததால் ஓட்டும்போதே வித்தியாசம் தெரியும். 1996 முதல் 2001 வரை வந்தவற்றில் இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் பாகம்) முழுக்க பிளாஸ்டிக். அதன் முன்பக்கம் கூலன்ட் போகும் பகுதி விரிசல் விடும். அங்கே அலுமினியம் தெரிந்தால் யாரோ ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள், நிம்மதி. 2003 முதல் 2005 வரை வேறொரு தொல்லை: விளக்குகளை இயக்கும் மின்னணுப் பெட்டியான லைட் கன்ட்ரோல் மாட்யூலில் ஈயப் பற்று விட்டுப்போய் ஓடும்போதே ஹெட்லைட் அணையும். ராத்திரியில் இது உயிர் போகும் விஷயம். லைட்டைப் போட்டு அரை மணி நேரமாவது எரியவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஓட்டிப் பார்க்க வேண்டும். மணிக்கு 45 மைலில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடியே போங்கள். கரடுமுரடான ரோட்டில் ஏறியது மாதிரி ஓர் அதிர்வு வந்து போனால், பெரும்பாலும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் வேலை. கியர்பாக்ஸில் உள்ள மெர்கான் வி ஆயிலை மாற்றினாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். ஆனால் பேரம் பேசும்போது அதைச் சொல்லத் தவறாதீர்கள். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள வண்டியில் காற்று எந்தப் பட்டனை அழுத்தினாலும் கண்ணாடிக்கே போனால் பயப்பட வேண்டாம். பேனலுக்குப் பின்னால் சின்ன ரப்பர் வளையங்கள் இறுகியிருக்கும். மலிவான சாமான், பொறுமையான வேலை.

சில வண்டிகளில் பின்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று பலூன் (ஏர் சஸ்பென்ஷன்) இருக்கும். அவற்றில் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் பலூன் ஓட்டை. பலர் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போட்டுக்கொள்கிறார்கள்; அதுவே போதும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு ஜாக்கி போடுவதற்கு முன் டிக்கிக்குள் இருக்கும் சுவிட்சைக் கட்டாயம் அணைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கும் அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

வாங்கிய கையோடு இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். 2003 முதல் வந்ததற்கு 5டபிள்யூ-20 ரக ஆயில், ஆறு குவார்ட். ஸ்பார்க் பிளக் மாற்றுவதாக இருந்தால் இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் கிடக்கும் மண்ணைக் காற்றடித்து ஊதிவிட்டுக் கழற்றுங்கள். பழைய சிலிண்டர் ஹெட்களில் (இன்ஜினின் மேல்பகுதி) பிளக்கைப் பிடிக்கும் மரை மிகக் குறைவு. புதிய பிளக்கைக் கையாலேயே சுற்றி ஏற்றி, கடைசி இறுக்கத்துக்கு மட்டும் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) பிடியுங்கள்.