சிவப்பு வெளுத்தால் உடனே நம்பாதீர்கள்

மூட்டுத் தேய்மானம் எவ்வளவு என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்க, குருத்தெலும்பைச் சிவப்பாக்கும் சஃப்ரனின் ஓ என்ற சாயம் போடுவோம். சிவப்பு குறைந்தால் தேய்மானம் என்று படிப்போம். மூட்டு மாற்று அறுவையில் வெட்டி எடுத்த முழங்கால் எலும்பு லேபுக்கு வந்ததும், கையுறை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கால் வில்லாக வளைந்தவர்களுக்கு உட்பக்கம் தேய்ந்து எலும்பே தந்தம்போல மினுங்கும். வெளிப்பக்கம் குருத்தெலும்பு ஓரளவு மிஞ்சியிருக்கும். தேய்மானத்தின் விளிம்பில் ஒரு துண்டு, வெளிப்பக்கத்தில் ஒரு துண்டு எடுங்கள். கூடவே கறிக்கடை ஆட்டு முட்டியிலிருந்தும் ஒன்று. சிரிக்காதீர்கள், காரணம் வருகிறது.

துண்டு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறியதும், மெல்லிசாகச் சீவ வசதியாக எலும்பின் சுண்ணாம்பை நீக்க வேண்டும். சுண்ணாம்பை மெதுவாக உருவியெடுக்கும் 10 சதவீத ஈடிடிஏ கரைசல் வாரக்கணக்கில் இழுக்கும். அமிலத்தில் சில நாளில் வேலை முடியும். ஒருமுறை ரிப்போர்ட் கேட்டு நச்சரித்தார்கள் என்று நைட்ரிக் அமிலத்தில் போட்டேன், சனி ஞாயிறு எடுக்க மறந்தேன். ஸ்லைடு முழுக்க வெளுப்பு. முற்றிய தேய்மானம் என்று எழுதப்போனேன். பக்கத்திலிருந்த, நோயில்லாத ஆட்டு முட்டியும் வெளுத்திருந்தது! சாயம் பிடிக்க வேண்டியதையெல்லாம் அமிலம் கரைத்திருந்தது.

5 மைக்ரானில் சீவி, ஹெமடாக்சிலின், ஃபாஸ்ட் கிரீன் சாயங்கள், 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் பத்துப் பதினைந்து நொடி, கடைசியில் சஃப்ரனின் ஓ. அதன்பின் தண்ணீரில் அலசாமல் நேரே ஆல்கஹாலுக்குப் போங்கள்.

குருத்தெலும்பில் அக்ரிகன் என்ற, சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த பெரிய புரத மூலக்கூறுகள் உண்டு; அவற்றுக்கு எதிர்மின்னேற்றம். சஃப்ரனின் அதைப் பிடித்துக்கொள்வதால்தான் சிவப்பு. நோயில் ஏடிஏஎம்டிஎஸ்-5 போன்ற நொதிகள் அக்ரிகனை நறுக்க, சிவப்பு மேலிருந்து கீழாக வடியும். நல்ல மூட்டிலும் மேல்விளிம்பு கொஞ்சம் வெளிறியே இருக்கும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குருத்தெலும்பைத் தாங்கும் இரண்டாம் வகைக் கொலாஜன் புரத இழைகளின் வலை பிறகு எம்எம்பி-13 நொதியால் அறும். அங்கே பிளவுகள் தெரியும். செல்கள் தனித்தனியாக இல்லாமல் கொத்துக்கொத்தாகக் கூடியிருக்கும்.

ஸ்லைடில் தெரியாத ஒன்று தண்ணீர். ஆல்கஹாலில் அது போய்விடுகிறது. தேய்மானம் என்றால் குருத்தெலும்பு காய்ந்துபோவது என்று பலர் நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் அது ஊறித்தான் போகிறது: வலை தளர்வதால், மிச்சமிருக்கும் அக்ரிகன் கூடுதலாகத் தண்ணீரை இழுத்து உப்புகிறது. அமுக்கினால் மெத்தென்றிருக்கும்.

மதிப்பெண்ணுக்கு 1971-இல் வந்த மான்கின் முறை போதும். தேய்மானம் கூடக்கூட மதிப்பெண் கூடும்: மொத்தம் 14, அதில் சாயம் குறைவதற்கு 4. ஆட்டு முட்டி நன்றாகச் சிவந்திருந்தால் மட்டும் அந்த நான்கிலிருந்து மதிப்பெண் போடுங்கள்.