கமெண்டை மெத்தட் பெயராக்குங்கள்

ஜாவா நிரலில் ஒரு மெத்தடின் (பெயர் வைத்து அழைக்கும் நிரல் துண்டு) நடுவே "இங்கே தள்ளுபடியைக் கணக்கிடுகிறோம்" என்று கமெண்ட் (படிப்பவருக்கான குறிப்பு) எழுதத் தோன்றுகிறதா? எழுதாதீர்கள். அதன் கீழ் வரும் வரிகளைத் தனி மெத்தடாகப் பிரித்து, எழுத நினைத்ததையே அதற்குப் பெயராக வையுங்கள். வரிகளைத் தேர்ந்தெடுத்து, நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில் ஆல்ட், ஷிப்ட், எம் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். இன்டெலிஜேயில் கன்ட்ரோல், ஆல்ட், எம். நொடியில் முடிகிற வேலை.

ஆம்பூர்ச் செருப்புக் கடைக்கு பில் போடும் நிரலை எடுத்துக்கொள்வோம். சைஸ் வாரியாக இருப்பு பார்ப்பது, மொத்த வியாபாரிக்குத் தள்ளுபடி, ஜிஎஸ்டி, அச்சிடுவது எல்லாம் ஒரே மெத்தடில் கிடந்தால், வரி விகிதம் மாறும் நாளில் முழுவதையும் படித்தாக வேண்டும். பிரித்துவிட்டால் 'ஜிஎஸ்டி_கணக்கிடு' என்பதை மட்டும் திறந்தால் போதும். அதைத் தனியாகச் சோதிக்கவும் முடியும். கமெண்ட் பழசாகிப்போனால் யார் கண்ணிலும் படாது. மெத்தட் பெயரோ அழைக்கும் இடமெல்லாம் தெரியும். பொருந்தாவிட்டால் உடனே உறுத்தும். காட்பாடிப் பக்கம் கல்லூரித் திட்டப்பணி செய்யும் மாணவர்கள் இதை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் சொல்லும் கமெண்டுக்கு இது பொருந்தாது. "வங்கி இந்த வடிவத்தில்தான் தேதி கேட்கிறது" என்பது கமெண்டாகவே இருக்கட்டும். பிரிக்கும் துண்டு இரண்டு மூன்று மாறிகளின் (மதிப்பைத் தாங்கும் பெயர்கள்) மதிப்பை மாற்றி, அவை பின்னால் தேவைப்பட்டாலும் அவசரப்பட வேண்டாம். ஜாவா மெத்தட் ஒரே மதிப்பைத்தான் திருப்பித் தரும். முதலில் அந்த மாறிகளை ஒரு கிளாசுக்குள் (மதிப்புகளை ஒன்றாக வைக்கும் அமைப்பு) சேர்த்துவிட்டுப் பிறகு பிரியுங்கள்.