"இவன் பார்த்தால்தான் படிப்பான்": கற்றல் பாணி குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மாலை நேரப் பிரத்தியேக வகுப்பு நடத்தும் என்னிடம், பிள்ளையைச் சேர்க்க வரும் தோட்டத்துப் பெற்றோர் பலர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "டீச்சர், இவன் பார்த்தால்தான் படிப்பான், சொன்னால் மண்டையில் ஏறாது." அக்கறையோடு சொல்லப்படும் இந்தச் சொல்லே பல தவறுகளுக்கு வாசலாகிவிடுகிறது.

கற்போரைக் காட்சி, கேட்டல், வாசிப்பும் எழுத்தும், செயல் என நான்கு கற்றல் பாணிகளாகப் பிரிக்கும் முறையை நியூசிலாந்துக் கல்வியாளர் நீல் ஃபிளெமிங் 1992இல் முன்வைத்தார். 2008இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, மாணவரின் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். பிள்ளைகளுக்கு விருப்பம் இருப்பதை அவர்கள் மறுக்கவில்லை. அந்த விருப்பத்தைத் திறமை என்று எடுத்துக்கொள்வதே நாம் செய்யும் பிழை. படம் பார்க்கப் பிடிக்கும் பிள்ளை, படத்தால் மட்டுமே கற்கும் பிள்ளை ஆகிவிடாது.

இதைவிடப் பெரிய தவறு, ஒட்டிய முத்திரைக்குப் பின்னால் உண்மைக் காரணம் மறைந்துபோவது. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வெண்பலகையை ஏறிட்டும் பார்க்காமல், நான் சொல்வதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்வான். கேட்டுப் படிக்கிற பிள்ளை என்று அவன் தாயிடம் நானே சொன்னேன். பலகையில் எழுதுவதையும் குறைத்துக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து, பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதும்போது அவன் மூக்கு தாளில் உரசும் அளவுக்குக் குனிந்திருந்ததைக் கண்டேன். கண்ணாடிக் கடையில் சோதித்தபோது கிட்டப்பார்வை என்று தெரிந்தது. கண்ணாடி போட்டு வந்த முதல் நாள், பலகையின் மேல்மூலையில் நான் எழுதியிருந்த தேதியை அவன் வாய்விட்டுப் படித்தான். அந்த நான்கு மாதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போய், அறிவியலை மலாய்மொழியில் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கும் இதே நிலைதான். சொல் புரியாமல் விழிக்கும் பிள்ளையை, "செய்து பார்த்தால்தான் வரும்" என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது செய்முறையன்று, பாடத்தில் வரும் மலாய்ச் சொற்களின் பொருள்.

எந்த வழியில் கற்பிப்பது என்பதைப் பிள்ளையைவிடப் பாடமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை பழுத்துவிட்டதா என்பதை, பழத்தின் நிறத்தையும் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களையும் காட்டித்தான் புதிய ஆளுக்குச் சொல்லித்தருகிறார்கள். அவர் கேட்டுப் படிக்கிறவரா என்று யாரும் விசாரிப்பதில்லை. ல, ள, ழ வேறுபாட்டுக்குக் காதும் நாவும் வேண்டும், பேராக் ஆற்றின் போக்குக்கு வரைபடம் வேண்டும். சொல்லும் படமும் சேர்ந்து வரும்போது நினைவு வலுப்படுகிறது என்பதை உளவியலாளர் ஆலன் பைவியோ 1971இலேயே விளக்கியிருக்கிறார். ஆகவே, ஒரே வழியில் பிள்ளையை அடைப்பது, பிற வழிகளை அதற்குக் கிடைக்காமல் செய்வதாகும்.

மஞ்சள் மையால் கோடிட்டு, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் தவிர்க்க வேண்டியதே. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதியைக் கொடுத்து, ஒரு குழுவை மறுபடி வாசிக்கவும், மற்றொரு குழுவை நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 விழுக்காடும், மறுபடி வாசித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். வாசித்த கையோடு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும் அந்த நிறைவை நம்பித்தான் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் மாணவர்கள் பலர் கடைசி வாரத்தில் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். அதே நேரத்தைப் பல நாள்களுக்குப் பிரித்து, இடைவெளி விட்டுப் படித்தால் பாடம் நிலைக்கும்.

இதற்குப் பெற்றோர் பாடம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி, "இன்றைக்குப் படித்ததை எனக்குச் சொல்லு, அய்யா" என்று கேட்டாலே போதும். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது, தோட்டத்தில் வெட்டு வேலை முடிந்து களைப்போடு உட்கார்ந்திருக்கும் தகப்பனுக்கும் தெரிந்துவிடும். நாளைக்குத் திறக்க வேண்டிய பக்கம் அதுதான்.