பினாங்கில் குரங்குக் கடற்கரைக்கு நடந்தே போவது எப்படி?

ஜார்ஜ் டவுனில் 101 பஸ் ஏறி, கடைசி நிறுத்தமான தெலுக் பஹாங்கில் இறங்குங்கள். பினாங்கு தேசியப் பூங்காவின் வாசல் அங்கேயே இருக்கிறது. அலுவலகம் திறந்ததும் பெயரைப் பதிந்துவிட்டு உள்ளே போங்கள். பத்து மணிக்கு மேல் கிளம்பினால் வெயில் வாட்டிவிடும்.

1. சிறிது தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் மேடேறி கெராச்சுட் என்ற வேறொரு கடற்கரைக்குப் போகிறது. நமக்கு வலதுபக்கம், கடலோரமாகவே போகும் பாதை.

2. காலுக்கு 'அடிடாஸ் கம்போங்'. ரப்பர் தோட்டத்தில் போடும் அதே கறுப்புச் சப்பாத்துதான், விலை சொற்பம். வழுக்கும் வேர்களில் நானூறு ரிங்கிட் சப்பாத்தைவிட இது நன்றாகப் பிடிக்கும் என்பது என் கட்சி. காட்டன் சட்டை மட்டும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது.

3. தண்ணீர் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கடல் பக்கத்திலேயே இருந்தாலும் மரங்களுக்குள் காற்று நுழையாது. ஈரப்பதம் அதிகமென்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும்; உடம்பு குளிராது. வியர்வையோடு உப்பும் போய்விடும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் அந்த உப்பு திரும்பாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுங்கள். ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துவிடுங்கள். கடையில் விற்கும் '100 பிளஸ்' என்ற உப்புச்சத்து பானமும் பரவாயில்லை, எனக்குத்தான் அந்த இனிப்பு திகட்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் கால் மணிக்கொரு தரம் இரண்டு மடக்கு குடியுங்கள். தலை சுற்றினால் நிழலில் உட்கார்ந்து, ஈரத்துணியைக் கழுத்தில் போடுங்கள். சரியாகாவிட்டால் மேலே நடக்க வேண்டாம்.

4. வழியில் தெலுக் அலிங் என்ற சிறு விரிகுடா வரும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையமும் அதன் படகுத்துறையும் தெரியும். மூச்சு வாங்க நல்ல இடம்.

5. கடற்கரையில் நீள்வால் குரங்குகள் காத்திருக்கும். பிளாஸ்டிக் பை சரசரத்தாலே வந்துவிடும். சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள்.

6. அங்கிருந்து 1883-இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்குச் செங்குத்தான ஏற்றம். பாதித் தண்ணீருக்குமேல் தீர்ந்திருந்தால் ஏறாதீர்கள்.

பிறகு சேர்த்தது: படகில் திரும்பலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. வாசலிலேயே படகுக்காரரிடம் விலையும் நேரமும் பேசி, அவர் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அலை பெரிதாக இருந்தால் படகு வராது. அதனால் நடந்து திரும்பத் தேவையான தண்ணீரைத் தொடாமல் வைத்திருங்கள்.