துத்தநாகம் பூசிய போல்ட் ஏன் உடைந்தது: என் அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னைநார்த் தொழிற்சாலையில் அதிரும் சல்லடைக்கு 12.9 தர (மிக உயர்ந்த வலிமை வகை) ஆலன் போல்ட் போட்டிருந்தோம். ஈரநார்த்தூளில் முலாம் பூசாத இந்தக் கறுப்பு போல்ட் துருப்பிடிக்கிறதே என்று, அடுத்த செட்டுக்குத் துத்தநாக முலாம் பூசி வாங்கினேன். ஒரே வாரத்தில் மூன்று தலைகள் பறந்தன.

முதலில் முறுக்கு போதவில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். தப்பான வேலை, அடுத்தது இன்னும் சீக்கிரம் போனது. கறுப்பு போல்ட்டோ அதே இடத்தில் மாதக்கணக்கில் ஓடியது. அப்புறம்தான் உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தேன். திரும்பத் திரும்ப வரும் சுமையால் உடையும் வழக்கமான களைப்பு முறிவில் தெரியும், அலை அலையான கடற்கரைக் கோடுகள் இல்லை. விளிம்பில் கற்கண்டு உடைத்தது போலப் பளபளப்பு. ஹைட்ரஜன்!

முலாமுக்கு முன் அமிலத்தில் முக்கும்போதும், பூசும்போதும் அணு ஹைட்ரஜன் எஃகுக்குள் இறங்குகிறது. மேலே படியும் துத்தநாகம் அதை வெளியேற விடுவதில்லை. இழுவிசை உள்ள இடத்துக்கு அது நகர்ந்து, எஃகின் நுண்படிகங்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளைப் பலவீனமாக்கும். அதிர்வால் வளரும் விரிசல் ஒவ்வொரு அதிர்விலும் கூடுதலாக முன்னேறும். எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவு ஆபத்து; 12.9 தரத்தின் கடினம், ராக்வெல் C என்னும் கடின அளவுகோலில் 39-லிருந்து 44 வரை.

அமிலத்துக்குப் பதில் ஷாட் பிளாஸ்டிங் (சின்ன உலோகக் குண்டுகளை வீசிச் சுத்தம் செய்வது) செய்யச் சொன்னேன். உள்ளே இறங்கிய ஹைட்ரஜன் வெளியேற, பூசி 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் 200 டிகிரி செல்சியஸ், 10 மணி நேரம். மஞ்சள் பாசிவேஷன் (துத்தநாகத்தின் மேல் போடும் பாதுகாப்புப் படலம்) அதற்கு அப்புறம்தான், முன்பே செய்தால் சூட்டில் கெட்டுவிடும். மிச்சமிருந்த பழைய போல்ட்களைச் சுடவில்லை, தூக்கிப் போட்டேன். விரிசல் விழுந்திருந்தால் அடுப்பு ஒட்டவைக்காது. இப்போது மழைக்காலம் ஒன்று தாண்டிவிட்டது, ஒரு தலையும் போகவில்லை.