ஒரே கொப்பியில் மால்டா: கலை வரலாற்றை வரைந்து படிக்கும் முறை

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறேன். ஐரோப்பியக் கலை வரலாறு என்றாலே பிள்ளைகள் ரோம், பாரிஸ் என்று பெயர்களை அடுக்கி மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். நான் மால்டாவில் இருந்து தொடங்கச் சொல்வேன். சிசிலிக்குத் தெற்கே இருக்கும் தீவு நாடு அது. பரப்பு 316 சதுர கிலோமீற்றர்தான். எங்கள் நுவரெலியா மாவட்டத்துக்குள் ஐந்து மால்டா அடங்கும். ஆனால் கற்காலக் கோயில் முதல் இன்றைய நாடாளுமன்றம் வரை எல்லாமே அங்கே உள்ளூர்ச் சுண்ணக்கல்லில் நிற்கின்றன. அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டால் வரலாறு தானாகப் பின்னால் வரும்.

ஒரு கொப்பி, பென்சில், கரித்துண்டு, வெண்கட்டி, நூல், மெழுகுவர்த்தி, ஒரு சலவைச் சவர்க்காரக் கட்டி. இவ்வளவும் போதும்.

முதலில் சவர்க்காரத்தை எடுங்கள். மால்டாவில் இரண்டு வகைக் கல் உண்டு. குளோபிஜெரினா என்பது தேன் நிறச் சுண்ணக்கல், கைவாளாலேயே அறுக்கலாம். மற்றது பவளச் சுண்ணக்கல். வெளிறிய நிறம், கடினமானது. லயத்து அத்திவாரக் கருங்கல்லையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கல் இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று வாயால் சொன்னால் ஏறாது. சவர்க்காரத்தில் ஒரு சுருள் வரைந்து, சுற்றியுள்ள பகுதியை மை தீர்ந்த பேனை முனையால் சுரண்டிச் சுருளை மேலெழும்பச் செய்யுங்கள். தார்ஷியன் கோயில் கற்களில் உள்ள சுருள்கள் அப்படித்தான் புடைத்து நிற்கின்றன. உலோகக் கருவி எதுவும் இல்லாத காலத்து வேலை அது. அப்புறம் கட்டியை ஓர் இரவு பனியில் வெளியே வையுங்கள். காலையில் விளிம்புகள் மழுங்கியிருக்கும். ஹஜர் ஈம் கோயிலின் மென்கல்லைக் கடற்காற்றும் மழையும் அப்படித்தான் தின்றன. அதனால் 2009இல் அதற்கும், அருகே சரிவில் இருக்கும் இம்நைத்ராவுக்கும் மேலே பெரிய கூடாரக் கூரை போட்டார்கள்.

அடுத்தது மைதானம். மால்டாவைச் சேர்ந்த கோசோ தீவில் உள்ள ஜிகான்டியா கோயில்கள் கி.மு. 3600க்கும் 3200க்கும் இடைப்பட்டவை. எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையவை. வெண்கட்டியால் நடுவே ஒரு பாதை போடுங்கள். நூலைச் சுழற்றி அதன் இரு பக்கமும் சோடி சோடியாக அரைவட்ட அறைகளை வரைந்து, எல்லாவற்றையும் வளைந்த வெளிச்சுவர் ஒன்றால் மூடுங்கள். பிள்ளைகளை உள்ளே நடக்கவிடுங்கள். இம்நைத்ராவின் கீழ்க்கோயிலை வரைவதானால் வாசலைக் கிழக்கே திருப்ப வேண்டும்: இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டெம்பர் நாட்களில் உதயசூரியனின் ஒளி வாசல் வழியே நேராக உள்ளறை வரை போகும்.

இந்தக் கோயில்களின் கூரை இன்று இல்லை. எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பதில் நிலத்துக்கடியில் இருக்கிறது. 1902இல் வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வெட்டும்போது ஹல் சஃப்லியெனி என்ற நிலத்தடி ஈமக்கூடம் அகப்பட்டது. பாறையை மூன்று அடுக்காகக் குடைந்து, கட்டிய கோயிலைப் போலவே தூண், வாசல் எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். அதன் விதானத்தில் வளையத்துக்குள் வளையமாகக் கற்கள் உள்நோக்கி ஒடுங்குவதுபோல் ஒரு வேலை இருக்கிறது. மேலே அழிந்துபோன கூரைக்கு நமக்குக் கிடைக்கும் நல்ல சான்று அதுதான். அதை வெட்டுமுகமாக, அதாவது நடுவே வெட்டிப் பார்த்தால் தெரிவதுபோல், வரையுங்கள்.

பினீசியர், ரோமர், அரபியர் காலங்களுக்கு இரண்டு பக்கம் விட்டுவிட்டு 1530க்கு வாருங்கள். புனித யோவானின் வீரத்துறவிகள், அதாவது போர்வீரர்களாகவும் இருந்த கத்தோலிக்கத் துறவிகள், தீவுக்கு வந்த ஆண்டு அது. 1565இல் ஒட்டோமன் படை முற்றுகையிட்டுத் தோற்றது. மறுபடி வந்துவிடுவார்களோ என்ற பயத்தில், 1566 மார்ச் 28 அன்று வல்லெட்டா நகருக்கு அடிக்கல் வைத்தார்கள். திட்டம் போட்டவர் இத்தாலியப் பொறியியலாளர் லப்பரெல்லி. மலைமுதுகைச் சமன்செய்து நகரம் கட்டும் எண்ணம் அவசரத்தில் கைவிடப்பட்டது; நேர்த்தெருக்கள் சரிவிலேயே இறங்கிப் பல இடங்களில் படிகளாகிவிட்டன. மலைநாட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை, தெருவின் வெட்டுமுகத்தை வரையச் சொன்னால் போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சேர்க்க மறக்க வேண்டாம். அது அன்று கட்டாய விதி.

லப்பரெல்லிக்குப் பின் பொறுப்பேற்றவர் மால்டாக்காரரான ஜிரோலாமோ கசார். அவர் கட்டிய புனித யோவான் பேராலயம் வெளியே கோட்டைச் சுவர் மாதிரி வெறுமையாக இருக்கும். உள்ளே மத்தியா பிரேத்தி 1661 முதல் 1666 வரை விதானக் கல்லிலேயே நேரடியாக எண்ணெய் வர்ணம் தீட்டினார். சில உருவங்களுக்குப் பொய்நிழலும் தீட்டியதால் சிலை என்றே கண் நம்பும். வெளிமுகத்தை ஒரு பக்கத்திலும் உட்புறத்தை எதிர்ப்பக்கத்திலும் வரையுங்கள்.

இனி இத்தாலிய ஓவியர் கறவாஜியோ. இங்கே அவசரப்பட வேண்டாம். 1608இல் அந்த ஆலயத்தின் செபக்கூடத்துக்காக அவர் வரைந்த ‘புனித யோவானின் சிரச்சேதம்’ ஏறத்தாழ 3.7 மீற்றர் உயரம், 5.2 மீற்றர் அகலம். நூலால் அந்த அளவை மைதானத்தில் பிடித்துக் காட்டுங்கள். பின்பு வகுப்பறைச் சன்னல்களை மூடி, இடப்பக்கம் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் வைத்து, ஐந்து பிள்ளைகளை அதன் அருகே நிறுத்துங்கள். வலப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். ஓவியத்திலும் அங்கே வெறுஞ்சுவரும், கம்பிச் சன்னலால் எட்டிப்பார்க்கும் இரண்டு கைதிகளும் மட்டும்தான். கரியால் இருட்டை முதலில் பூசுங்கள், வெளிச்சத்துக்குக் காகிதத்தை அப்படியே விடுங்கள். வாள் தரையில் கிடக்கிறது; வேலையை முடிக்கக் கொலையாளி முதுகுப்புறத்துக் கத்தியை உருவுகிறான். வழியும் இரத்தத்திலேயே ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையொப்பமிட்டதாக இன்று தெரிந்த ஒரே ஓவியம் இது. அந்த யூலையில்தான் வீரத்துறவியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஒக்டோபரில் சிறையிலிருந்து தப்பினார். டிசெம்பரில் இதே செபக்கூடத்தில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். எனக்கு மால்டா என்றால் முதலில் இந்த வெறுஞ்சுவர்தான்.

மீதியை வேகமாகப் போகலாம். 1693 நிலநடுக்கத்துக்குப் பின் லொரென்சோ கஃபா எழுப்பிய இம்தினா பேராலயம் ஒரு பக்கம். பழைய ஆலயத்தை உள்ளே வைத்துக்கொண்டே சுற்றிக் கட்டிய மொஸ்தாவின் குவிமாடம் ஒரு பக்கம். 1942 ஏப்ரல் 9 அன்று அதைத் துளைத்து விழுந்த குண்டு வெடிக்கவில்லை. பிரித்தானியர் காலத்துக்கு டிக்கோயா வாரலி தேவாலயத்தை நேரில் போய் வரையுங்கள், 1878இல் கட்டியது. வல்லெட்டாவில் அவர்கள் 1839இல் தொடங்கிய புனித பவுல் பேராலயத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் பாணி வேறுபாடு தெரியும்.

கடைசிப் பக்கம் வல்லெட்டா நகர வாசலுக்கு. அங்கே 1866இல் திறந்த ஒப்பெரா அரங்கு 1942 ஏப்ரலில் குண்டில் நொறுங்கியது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ அதை மீளக் கட்டாமல், எஞ்சிய தூண்களுக்கிடையே 2013இல் திறந்தவெளி அரங்கு அமைத்தார். பக்கத்தில் 2015இல் புது நாடாளுமன்றம். வெயிலை மறித்து வெளிச்சத்தை மட்டும் விடும்படி இயந்திரத்தால் செதுக்கிய கற்கள். தூண்களை உடைந்தபடியே வரையுங்கள், இல்லாத பகுதியை நிரப்ப வேண்டாம். கல்லுக்கு மஞ்சட்காவியில் நிறைய வெள்ளை கலந்து, நிழலுக்கு மட்டும் துளி கபிலம் சேருங்கள்.